சந்தா கொடுப்போம் - கணக்குக் கேட்போம்!

களியக்காவிளை! தமிழகத்தின் தென்மேற்கு வாசல். இந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் தமிழ்நாடு. அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் கேரளம். பொழுது புலரும் வேளையிலே இங்கே வந்து நின்று பாருங்கள், தோழர்களே! ஒரு பக்கம் மீன் சந்தையின் இரைச்சல். மறு பக்கம், பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் போகும் பேருந்துக்குக் காத்து நிற்கும் கூட்டம். கையிலே சோற்றுப் பொதி, தோளிலே துணிப்பை, கண்ணிலே கலையாத தூக்கம். கொத்தனார் நிற்கிறார், கையாள் நிற்கிறார், காவல் வேலைக்குப் போகும் முதியவர் நிற்கிறார், மாடிப்படி துடைக்கப் போகும் தாய் நிற்கிறார்.

எங்கே போகிறார்கள் இவர்கள்? வானை முட்டி நிற்கும் அடுக்குமாடிகளுக்கு! அந்த மாடியைக் கட்டியவர்கள் இவர்கள். அதைக் காப்பவர்கள் இவர்கள். கழுவுபவர்களும் இவர்கள். ஆனால் அங்கே மாதந்தோறும் ஒரு சீட்டு வீடு வீடாகப் போகிறதே, அந்தச் சீட்டைப் பற்றி மட்டும் இவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தச் சீட்டுக்குப் பெயர் 'மெயின்டெனன்ஸ்'! பராமரிப்புக் கட்டணம் என்று தமிழிலே சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடுமே என்ற அச்சமோ என்னவோ, ஆங்கிலத்திலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். நாம் சந்தா என்றே சொல்வோம். கிளைக் கழகத்துக்குச் சந்தா கட்டி ரசீது வாங்கியவன், படிப்பகத்துக்குப் பத்திரிகை வாங்கத் தெருத் தெருவாய் உண்டியல் குலுக்கியவன், சந்தா என்றால் என்ன என்பதை எவரிடமும் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

"மாடியிலே இருப்பவன் கட்டுகிறான், மண்ணிலே இருக்கும் நமக்கு என்ன?" என்று கேட்கும் தோழர் உண்டு. நமக்கு இரண்டு வகையில் உறவு இருக்கிறது, தோழரே! அந்தச் சந்தாவில்தான் காவலாளியின் சம்பளம் இருக்கிறது. துப்புரவுத் தாயின் கூலி இருக்கிறது. இது ஒன்று. நாமும் இப்போது சந்தா கட்டுகிறவர்கள் ஆகிவிட்டோம். இது இரண்டு. நாகர்கோவிலில் கடன் வாங்கி இரண்டு அறை வீடு வாங்கிய ஆசிரியர் கட்டுகிறார். சென்னையிலே வாடகைக்கு இருக்கும் நம் வீட்டுப் பிள்ளை கட்டுகிறான். பெரும்பாக்கத்தின் அடுக்குமாடியிலே, வாரிய வீட்டிலே இருக்கும் கூலித் தொழிலாளியிடமும் கேட்கிறார்கள். கொடுக்கிறவனும் நாம், அதிலே கூலி பெறுகிறவனும் நாம். இடையிலே கணக்கு வைத்திருப்பவன் மட்டும் வேறு யாரோ என்றால், அதை எப்படிப் பொறுப்பது?

விளையும் மாடியும்

விளை என்றால் என்ன என்று குமரி மாவட்டத்துக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னையும் பலாவும் மரவள்ளியும் நிற்கும் மேட்டு நிலம். அதன் நடுவிலே ஒரு வீடு. பக்கத்திலே ஒரு கிணறு. கூரை ஒழுகினால் வீட்டுக்காரன் ஏறி ஓடு மாற்றுவான். கிணறு தூர்ந்தால் வீட்டுக்காரன் தூர் வாருவான். செலவும் அவனுடையது, சுகமும் அவனுடையது. யாருக்கும் அவன் சந்தா கட்ட வேண்டியதில்லை.

மாடி வீடு அப்படியா? என் வீட்டுத் தரை கீழ் வீட்டானுக்குக் கூரை. மேல் வீட்டானின் குளியலறைக் குழாய் ஒழுகினால் என் சுவர் நனைகிறது. மாடிப்படி யாருடையது? எல்லோருடையது. மொட்டை மாடி? எல்லோருடையது. தண்ணீர்த் தொட்டி, மோட்டார், லிப்ட், கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், வாசல் விளக்கு - எல்லாம் எல்லோருடையவை. எல்லோருடையது என்றால் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டியதை ஒருவரும் பார்த்துக்கொள்வதில்லை என்பதுதான் உலக அனுபவம். அதனால்தான் சங்கம், அதனால்தான் சந்தா.

ஆகவே, சந்தாவே கூடாது என்று கூச்சலிடுவது நம் வேலை அல்ல. நாம் கேட்க வேண்டியது வேறு: எதற்கு வாங்குகிறாய்? எவ்வளவு செலவழித்தாய்? மீதி எங்கே?

வரி வேறு, சந்தா வேறு

பணம் கொடுத்துப் பழகிய மண் இது, தோழர்களே! கொடுத்து நொந்த மண் இது. திருவிதாங்கூர் மன்னராட்சியிலே தலைக்கு வரி வாங்கினார்கள். பனையேறும் ஏணிக்கும் வரி வாங்கினார்கள். பணம் போதாதென்று 'ஊழியம்' என்ற பெயரில் கூலியில்லா உழைப்பையும் வாங்கினார்கள். அரசுக்கும் கோயிலுக்கும் சுமை சுமந்தவன் கைநீட்டிக் கூலி கேட்டால் அது குற்றம்! அந்த அநீதியை எதிர்த்துக் குரல் கொடுத்த அய்யா வைகுண்டரைத் திருவனந்தபுரத்துச் சிறையிலே அடைத்தார்கள்.

அந்த வரியின் இலக்கணம் என்ன? கொடு - கேட்காதே! கொடுப்பவன் ஒருவன், அனுபவிப்பவன் வேறொருவன். உழைப்பவன் ஒருவன், கூலி இல்லாமல் அவனை விரட்டுபவன் வேறொருவன்.

சந்தாவின் இலக்கணம் இதற்கு நேர் எதிர். கூடிப் பேசி, தொகையைத் தீர்மானித்து, கொடுத்து, ரசீது வாங்கி, ஆண்டு முடிவிலே கணக்குக் கேட்பதுதான் சந்தா. கூட்டம் இல்லை, ரசீது இல்லை, கணக்கும் இல்லை என்றால் அது சந்தா அல்ல. மன்னன் போன பிறகும் மாடியிலே குடியேறிவிட்ட பழைய வரி! கூலி குறைத்து, நேரம் நீட்டி ஒருவனை அங்கே நிறுத்தி வைத்தால், அது வேலை அல்ல. சீருடை மாட்டிய ஊழியம்!

எங்கே போகிறது பணம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நாமே போடும் கணக்கு இது. 24 வீடுகள் உள்ள ஒரு கட்டடம். லிப்ட் உண்டு. மாதச் செலவு என்ன?

காவலாளிகள் இருவர், தலைக்கு 14,000 ரூபாய் வீதம் 28,000. துப்புரவுத் தொழிலாளி ஒருவர், 11,000. மோட்டாருக்கும் லிப்ட்டுக்கும் படி விளக்குகளுக்கும் மின்கட்டணம் 9,000. லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் 4,000. ஜெனரேட்டர் டீசலுக்கும் பழுதுக்கும் 3,000. தண்ணீர்த் தொட்டி கழுவ, குழாய்க்காரர், மின்பணியாளர் 4,000. கழிவுநீர் அகற்ற 3,000. காப்பீடு 2,000. ரசீதுப் புத்தகம், வங்கி, தணிக்கை 1,000. எதிர்காலப் பெரும் பழுதுக்கு ஒதுக்கு நிதி 7,000.

மொத்தம் 72,000 ரூபாய். 24 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 3,000.

இந்தக் கணக்கை மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். முதல் இரண்டு வரிகளை மட்டும் கூட்டுங்கள்: 39,000 ரூபாய். மொத்தச் சந்தாவில் பாதிக்கு மேல் உழைக்கும் மனிதனின் கூலி! லிப்ட்டுக்கு அல்ல, விளக்குக்கு அல்ல. களியக்காவிளையில் விடியற்காலையில் பேருந்து ஏறினாரே, அவருக்கு!

அடுத்த முறை "சந்தாவைக் குறை, சந்தாவைக் குறை" என்று ஒரு கனவான் கூட்டத்திலே முழங்கினால், தோழர்கள் எழுந்து கேட்க வேண்டும்: "எந்த வரியிலே குறைக்கப் போகிறீர்கள், ஐயா?" லிப்ட் நிறுவனம் குறைக்காது. மின்வாரியம் குறைக்காது. டீசல் விலை குறையாது. குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்று. அது எளியவன் கூலி!

மூன்றாவது காவலாளி எங்கே?

ஒரு நாளுக்கு 24 மணி நேரம். காவலாளிகள் இருவர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 12 மணி நேரம்! எட்டு மணி நேர வேலை என்ற உரிமைக்காக உலகத் தொழிலாளி இரத்தம் சிந்தினான். அந்த உரிமையைக் கொண்டாடச் சிங்காரவேலர் 1923-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையில் மே நாள் கூட்டம் நடத்தினார். நூறாண்டு கடந்துவிட்டது. மாடி வீட்டு வாசலிலே மட்டும் கடிகாரம் ஓடவில்லை!

மூன்றாவது காவலாளி ஒருவரை வைத்தால் என்ன ஆகும்? நம் கணக்குப்படி 14,000 ரூபாய் கூடும். 24 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு மாதம் 583 ரூபாய். ஒரு நாளைக்கு 20 ரூபாய்கூட ஆகவில்லை. ஒரு முதியவர் தம் வீட்டிலே மனைவி மக்களோடு உட்கார்ந்து இரவுச் சோறு உண்பதற்கு, ஒரு குடும்பம் நாளொன்றுக்குக் கொடுக்க வேண்டிய விலை அவ்வளவுதான்!

வார விடுமுறை நாளில் யார் நிற்பார்? காய்ச்சல் வந்தால் யார் நிற்பார்? வைப்பு நிதி பிடிக்கிறார்களா? ஒப்பந்தக்காரர் சங்கத்திடம் வாங்குவது எவ்வளவு, காவலாளி கையிலே கொடுப்பது எவ்வளவு? சந்தா கட்டுகிறவனுக்கு இவற்றையெல்லாம் கேட்கும் உரிமை உண்டு. கேட்க வேண்டிய கடமையும் உண்டு.

மிச்சம் பிடித்த காசும் போன உயிரும்

கணக்கிலே 'கழிவுநீர் அகற்ற 3,000' என்று ஒரு வரி இருந்ததே, அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சிக்கனம் என்ற பெயரிலே அந்த வரியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். இயந்திர ஊர்தியை அழைத்தால் செலவு. ஓர் ஏழையைக் கூப்பிட்டு, கையிலே சில நோட்டுகளைத் திணித்து, தொட்டிக்குள் இறங்கச் சொன்னால் மிச்சம்!

அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு. கண்ணுக்குத் தெரியாது. அடர்த்தி கூடினால் மூக்கின் மோப்ப சக்தியையே மரக்கச் செய்துவிடும். ஆகவே ஆபத்து வந்ததே தெரியாது. இறங்கியவன் மயங்குவான். அவனைத் தூக்க இறங்கிய தம்பியும் மயங்குவான். இது விபத்தா? இல்லை, தோழர்களே! இது கணக்கிலே ஒரு வரியை அடித்ததன் விளைவு.

மனிதக் கழிவை மனிதன் அகற்றும் கொடுமையைத் தடைசெய்யும் சட்டம் 2013-ஆம் ஆண்டிலே வந்தது. பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்த் தொட்டியிலே ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. முப்பது லட்சம் கொடுத்தாலும் போன உயிர் திரும்புமா? மாதம் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்து இயந்திரத்தை அழைத்திருந்தால், அந்தத் தாய் விதவையாகியிருக்க மாட்டாளே!

அந்தத் தொட்டியிலே இறக்கப்படுபவன் எந்தச் சாதி என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்கே தெரியும். மாடி எவ்வளவு உயர்ந்தாலும் மனு இன்னும் அடித்தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்!

'பொது' என்றால் யாருக்குப் பொது?

சாதி தொட்டியோடு நிற்கிறதா? லிப்ட்டிலும் ஏறிக்கொண்டது! பத்திரத்திலே 'பொதுப் பகுதி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் சில கட்டடங்களிலே லிப்ட் வாசலில் பலகை தொங்குகிறது: வேலைக்காரர்கள் பயன்படுத்தக் கூடாது! காலையிலிருந்து அந்த லிப்ட்டைத் துடைத்தவள் அதிலே ஏறக் கூடாதாம்! அதே தரையிலே நாய்க்குட்டி ஏறிப் போகிறது. நாலு மாடி துடைத்தவள் படியேறிப் போகிறாள்.

வைக்கம் நினைவுக்கு வரவில்லையா? பொதுப் பணத்திலே போட்ட சாலை. அந்தச் சாலையிலே நடக்கக் கூடாதென்று ஒரு கூட்டத்தைத் தடுத்தார்கள். 1924-இல் தந்தை பெரியார் அங்கே சென்றார். இரண்டு முறை சிறை புகுந்தார். களியக்காவிளையும் வைக்கமும் அன்று ஒரே திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியிலே இருந்த ஊர்கள். அந்தத் தெரு திறந்தது. 1936-இல் திருவிதாங்கூரின் கோயில்களும் திறந்தன. லிப்ட் கதவு மட்டும் திறக்காதா?

கலைஞர் ஆட்சியிலே, 1998-இல், மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. ஊருக்கு 100 வீடு. சாதிக்கொரு தெரு கிடையாது. சாதிக்கொரு சுடுகாடு கிடையாது. பொது என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். சந்தாப் பணத்தில் பராமரிக்கப்படும் படியும் லிப்ட்டும் குடிநீர்க் குழாயும், அங்கே வாழ்பவனுக்கும் அங்கே உழைப்பவனுக்கும் பொது. காவலாளிக்கு உட்கார நாற்காலி, ஒதுங்கக் கழிப்பிடம், குடிக்க நீர் - இவை தர்மம் அல்ல. சந்தாக் கணக்கின் பகுதி.

யார் எவ்வளவு கொடுப்பது?

செலவு புரிந்தது. பங்கு எப்படி? இங்கேதான் சண்டை தொடங்குகிறது. நம் 24 வீட்டிலே 12 வீடு 600 சதுர அடி, 12 வீடு 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் சமமாகக் கொடு என்றால் ஆளுக்கு 3,000. பரப்பளவுப்படி கொடு என்றால் சிறிய வீட்டுக்கு 2,000. பெரிய வீட்டுக்கு 4,000.

"காவலாளி எல்லோருக்கும் ஒரே காவலாளிதானே? சமமாகக் கொடு!" என்பான் பெரிய வீட்டுக்காரன். சமத்துவம் என்ற சொல் அவன் வாயில் அன்றைக்குத்தான் முதன்முதலாக வரும்! கட்டடத்தை இடித்துக் கட்டும் நாளிலே மட்டும், "எனக்குப் பெரிய பங்கு" என்பான். நிலத்திலே பங்கு பெரிதென்றால் செலவிலும் பங்கு பெரிதாகத்தானே இருக்க வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? நம் ஊர் எல்லையில் இரண்டு சட்டங்கள் சந்திக்கின்றன. அந்தப் பக்கம், 1983-ஆம் ஆண்டின் கேரள அடுக்குமாடி உரிமைச் சட்டம்: பொதுச் செலவைப் பொதுப் பகுதியில் அவரவருக்குள்ள பிரிபடாத பாகத்தின் விகிதப்படி பிரிக்கச் சொல்கிறது. இந்தப் பக்கம், பழைய 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம். இது 2024-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பிரிபடாத பாகத்தை வைத்தே இதுவும் உரிமையை அளக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் இசைந்தால் பழைய கட்டடத்தை மறுகட்டுமானம் செய்ய வழி தருகிறது. ஆகவே உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதிலே பிரிபடாத பாகம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். உங்கள் சந்தாவின் நியாயம் அந்த எண்ணிலேதான் இருக்கிறது.

கட்டி விற்பவரை விட்டுவிடலாமா? கூடாது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அவரையும் கட்டிப்போட்டிருக்கிறது. சங்கம் பொறுப்பேற்கும் வரை, நியாயமான கட்டணத்தில் அடிப்படை வசதிகளை அவரே நடத்த வேண்டும். வீடு ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை வெளிப்பட்டால், முறையிட்ட 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். மூன்றாம் ஆண்டிலே சுவர் வெடித்துவிட்டதென்று உங்கள் சந்தாவை எடுத்துப் பூசுகிறார்களா? கேளுங்கள்: "அவர் செய்த குறைக்கு நாங்கள் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?"

வாடகைக்கு இருப்பவரும் விழிப்பாக இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. சந்தா வாடகைக்குள் அடக்கமா, வெளியிலா என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள்.

வரியையும் சோதியுங்கள். குடியிருப்போரின் சொந்தச் சங்கம் தன் உறுப்பினரிடம் வாங்கும் மாதச் சந்தா 7,500 ரூபாய் வரை சரக்கு-சேவை வரி கிடையாது. 2018 முதல் இந்த வரம்பு. மின்கட்டணத்தையும் பாருங்கள். பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு 2022 செப்டம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் வந்தது. 10 வீட்டுக்கு மிகாத, 3 மாடிக்கு மேற்படாத, லிப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு 2023-இல் முதலமைச்சர் அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார். பிந்தைய ஆண்டுகளின் கட்டண உயர்விலே எண்கள் மாறின. சிறு குடியிருப்புக்குத் தனிச் சலுகை வேண்டும் என்ற கொள்கை அன்று ஏற்கப்பட்டது. உங்கள் கட்டடம் அந்த வகையிலே சேருமானால், உங்கள் மீட்டர் எந்தக் கட்டணத்தில் ஓடுகிறது என்று பார்த்தீர்களா?

ஏழையின் மாடி

இதுவரை பேசியது விலை கொடுத்து வாங்கியவன் மாடி. ஏழையின் மாடி? குடிசை எரிந்த சாம்பலிலே கல் வீடு எழுப்ப, 1970-இல் கலைஞர் குடிசை மாற்று வாரியம் கண்டார். 2021-இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் பெற்றது. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டமும் வந்தது. குடியிருப்போரே சங்கம் அமைத்துப் பராமரிப்புப் பணம் சேர்க்க வேண்டும். அரசும் அதற்கு ஈடாகத் தன் பங்கைத் தர வேண்டும் என்பது அதன் அடிப்படை.

நல்ல நெறி. ஆனால், நம் ஆட்சியில் வந்த திட்டம் என்பதற்காக நாம் வாய்மூடி இருக்க முடியுமா? உரிமையோடு சொல்கிறோம்: நகரத்தின் நடுவிலே குடிசையில் இருந்தவனை, வேலைக்கு வெகுதூரமான இடத்திலே எட்டாம் மாடியிலே ஏற்றி வைத்தது யார்? அவனா லிப்ட் கேட்டான்? தரையிலே இருந்தவனுக்கு லிப்ட் செலவு இல்லை. மாடியில் ஏற்றிய பிறகு லிப்ட் ஓடாவிட்டால், கருவுற்ற பெண் எட்டு மாடி ஏற வேண்டும். முதியவர் வீட்டுச் சிறையிலே கிடக்க வேண்டும். ஆகவே லிப்ட்டும் மோட்டாரும் கழிவுநீரும் அரசின் பொறுப்பு என்பது முதலில் நிற்க வேண்டும். ஏழையின் சந்தா அதற்குத் துணையாக நிற்க வேண்டும். 'நம் பொறுப்பு' என்பதிலே உள்ள 'நம்' என்ற சொல்லுக்குள் அரசும் உண்டு!

கடல் கடந்த நம்மவர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய மாடிகளிலேதான் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள், தமிழரும் அவர்களோடு. அங்கும் மாதச் சந்தா உண்டு. நகர மன்றம் வாங்குகிறது. சிறிய வீட்டுக்குச் சிறிய தொகை; பெரிய வீட்டுக்குப் பெரிய தொகை. லிப்ட் மாற்றவும் கட்டடம் பூசவும் ஒரு பகுதியைத் தனி நிதியிலே ஒதுக்கியாக வேண்டும் என்பது சட்டம். தணிக்கை செய்த கணக்கு நாடாளுமன்றம் வரை போகிறது. ஒரு மாடிப்படி விளக்கின் கணக்கு நாடாளுமன்றத்தின் மேசைக்கு! நம் ஊர் அறிவிப்புப் பலகைக்காவது வரக் கூடாதா?

தமிழிலே எழுது கணக்கை!

அப்படியே சில இடங்களில் பலகைக்கு வந்தாலும், எந்த மொழியிலே வருகிறது? விதிமுறை ஆங்கிலம். அறிவிப்பு ஆங்கிலம். வரவு செலவும் ஆங்கிலம். தமிழ் பேசும் மண் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டதற்காக, 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டிய மண் இது. நேசமணி போன்றோர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீசுவரமும் தோவாளையும் தாயகத்தோடு இணைந்தன. ஆளும் மொழி நம் மொழியாக வேண்டும் என்று உயிர் கொடுத்த மக்களின் பேரன், தன் வீட்டு வாசல் விளக்கின் கணக்கைத் தன் மொழியிலே படிக்க முடியவில்லை என்றால் வெட்கமில்லையா? புரியாத மொழியிலே எழுதிய கணக்கு, காட்டாத கணக்குக்குச் சமம்!

தோழர்களே! மாடிக் குடியிருப்பிலே வாழும் ஒவ்வொரு கழகத் தோழரும் அடுத்த கூட்டத்திலே எழுந்து நின்று ஐந்து கேள்வி கேட்க வேண்டும். சென்ற ஆண்டின் வரவு செலவு எங்கே, தமிழிலே? ஒதுக்கு நிதி எந்த வங்கியிலே, எவ்வளவு? சந்தாவைப் பிரித்த விகிதம் எது? காவலாளியின் கைக்கு வருவது எவ்வளவு, அவர் நிற்பது எத்தனை மணி நேரம்? கழிவுநீர்த் தொட்டிக்கு வருவது இயந்திரமா, மனிதனா?

இந்த ஐந்துக்கும் பதில் வரும் வரை உட்கார வேண்டாம். பதில் வந்துவிட்டால், முதல் ஆளாகச் சந்தாவைக் கட்டுங்கள். கணக்கும் கேட்டு, காசும் கட்டாமல் ஓடுகிறவன் நம் ஆள் அல்ல. அவன் பாக்கியிலே பட்டினி கிடப்பது காவலாளியின் குடும்பம் என்பதை மறக்காதீர்கள்.

கொடுப்பது கடமை. கேட்பது உரிமை. கணக்கின் முதல் வரி உழைப்பவன் ஊதியம். இதை ஒரு கட்டடத்திலே நிலைநாட்டினால், அங்கே மாடி மட்டுமல்ல, அதைக் கட்டிய மனிதனும் உயர்வான்!